ஏழு வீட்டு மகாசபை சாப்ட்வேர் எடுத்த விதம்

ஏழு வீட்டார் வம்ச வரலாற்று மகாசபையின் கம்ப்யூட்டர் துணைக்குழுவில் சேர்ந்த முதல் நாளே ஐயம்பெருமாளுக்கு ஒரு பல் போயிற்று. யாரோ அவனைக் குறிவைத்து அடித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மகாசபை அப்படி ஒழுங்கில்லாத அமைப்பு அல்ல. ஐந்தாம் வீட்டுக்காரரைக் குறிவைத்து இரண்டாம் வீட்டுக்காரர் வீசிய பித்தளைக் கரண்டி, நடுவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் வாயில் பட்டது, அவ்வளவுதான். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் 'ஒரு பல், கீழ்வரிசை, ஏகமனதாக' என்று எழுதி, அதற்குக் கீழே அவனிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

ஏழு வீட்டார் என்றால், தாமிரபரணிக் கரையில் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஐந்து தலைமுறையாக வெளியாள் யாரையும் சீந்தாமல் வாழ்ந்துவருகிற ஏழு குடும்பங்கள். அக்காள் மகளைக் கட்டுவதும் அத்தை மகளைக் கட்டுவதும் அவர்களுக்கு வழக்கம் மட்டுமல்ல, சட்டம். யாருக்கு யார் என்ன வேண்டும் என்பதெல்லாம் தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதியிருக்கும். அதற்கு ஏடு என்று பேர். ஏட்டில் பேர் இருந்தால்தான் ஏழு வீட்டு நல்லது கெட்டதில் தலைகாட்டலாம். பேர் இல்லாதவர் வாசற்படி ஏறினால் காலை ஒடிப்பது என்று 1961-இல் தீர்மானமே உண்டு. எந்தக் கால் என்பதில் கருத்து வேறுபாடு வந்து நாலு பேருக்கு மண்டை உடைந்ததால், 1963-இல் 'இரண்டும்' என்று திருத்தினார்கள்.

அந்த ஏட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், சிவப்பு மையால் கோடு போட்டு அடித்த பேர் ஒன்று இருந்தது. மீனாட்சி. ஐயம்பெருமாளின் தங்கை, வீட்டில் மீனு. அவளுடைய பத்தொன்பதாம் வயசில், அம்மாவின் தம்பி நெல்லையப்பனுக்கு அவளைக் கட்டிவைப்பதென்று ஏழு வீடும் கூடி நாள் குறித்தது. அவள் மறுநாளே களக்காட்டு வாழைத்தார் வியாபாரி ஒருவனோடு பஸ் ஏறிவிட்டாள். மகாசபை பேச்சுவார்த்தைக்காகக் களக்காட்டுக்குப் போயிற்று. அந்தப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அந்த மனுஷனுக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. திரும்பி வந்து ஏட்டில் சிவப்புக் கோடு போட்டார்கள். எல்லாம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

இப்போது 1997. அம்மா பாலாம்பாள் நெஞ்சில் நீர் கோத்துப் படுக்கையில் கிடந்தாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எய்யா, நான் செத்தா என்னைக் குளிப்பாட்ட மீனுதான் நீர்மாலைத் தண்ணி எடுத்துட்டு வரணும். பெத்த மவ தெருவுல நின்னு அழுதுட்டுப் போற மாதிரி வச்சிராத. எப்படியாவது அவ பேர ஏட்டுல ஏத்திரு."

ஐயம்பெருமாள் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா. சண்டை என்றால் தெருவின் எதிர்ப்பக்கம் நடக்கிற ஆள். ஆனால் பதிவேடுகளைப் பற்றி அவனுக்கு ஒன்று தெரியும். பழைய நோட்டிலிருந்து புது நோட்டுக்கு மாற்றும்போதுதான் பேர் விட்டுப்போகும், சேர்வதும் அப்போதுதான். ஏட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், கூப்பிடாமலே போய்த் துணைக்குழுவில் சேர்ந்தான்.

மகாசபை கூடுவது, டவுணில் தலைவர் காசிலிங்கம் அண்ணாச்சியின் பாத்திரக்கடை மாடியில். அடிதடி வேண்டாம் என்று நினைக்கிற எவனும் பாத்திரக்கடை மாடியில் கூட்டம் போடமாட்டான். கையை நீட்டினால் குடம், காலை நீட்டினால் அண்டா. காசிலிங்கம் ஐயம்பெருமாளுக்குப் பெரியப்பா முறை. முதல் கூட்டத்தை அவர்தான் தொடங்கிவைத்தார்.

"நம்ம ஏழு வீட்டு ஒத்துமைக்கு என்னவே குறைச்சல்? ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா நாப்பது பேரு அடிக்கப் போறோம். போறதுக்கு வெளிய ஆள் கெடைக்கலேன்னா நமக்குள்ளயே அடிச்சுக்கிடுதோம். எவன்ட்டயாவது உதவி கேட்டுப் போயிருக்கோமா?"

கைதட்டல் மாடியை உலுக்கியது. பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த சத்தியநேசன் எழுந்தார். நல்ல மனுஷர். வம்ச வரலாற்றுக்கென்றே வெளிநாட்டில் செய்த சாப்ட்வேர் இரண்டை பிளாப்பியில் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணாச்சி, சாப்ட்வேர் எடுக்கும்போது மூணு விஷயம் பாக்கணும். எத்தன பேரு கொள்ளும், தமிழ்ல வருமா, நாளைக்கு வேற சாப்ட்வேருக்கு மாத்த முடியுமா."

"அதெல்லாம் கெடக்கட்டும்வே. யார் பேரு மொதல்ல வரும்?" என்றார் காசிலிங்கம்.

சத்தியநேசன் அந்தக் கேள்வியின் ஆழம் தெரியாமல் முதல் சாப்ட்வேரைப் போட்டார். ஏழு வீட்டுக்கும் மூலபுருஷரான பெரிய பாட்டையாவின் பேரை ஏற்றினார்கள். அவருக்கு இரண்டு மனைவி. முதல் நாலு வீடு மூத்தவள் வழி. மற்ற மூன்றும் இளையவள் வழி. திரையில் 'மனைவி எண் 1', 'மனைவி எண் 2' என்று வந்தது. சத்தியநேசன் அதை வாய்விட்டு வேறு படித்தார்.

"எங்க ஆத்தா ரெண்டாம் நம்பரா?" என்று எழுந்தார் ஐந்தாம் வீட்டுக்காரர்.

"சும்மா ஒரு நம்பர்தான் சார்."

"ரெண்டாம் நம்பர்தானவே? நூறு வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்றார் இரண்டாம் வீட்டுக்காரர், ஒரு கரண்டியைத் தேடி எடுத்தபடி. ஐயம்பெருமாளின் பல் போனது இந்தக் கட்டத்தில்தான்.

மொத்தம் பதினொரு தையல். மூத்தவள் வழிக்கு ஒன்பது, இளையவள் வழிக்கு இரண்டு. தையலில்கூட எங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஐந்தாம் வீட்டார் எழுத்துமூலம் புகார் கொடுத்தார்கள். விசாரிக்கக் காயத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது கூடிய அன்று சாயங்காலமே இரண்டு தரப்புக்கும் தையல் சமமாகிவிட்டது.

அடுத்த கூட்டத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு பலமாக இருந்தது. குடம், கரண்டி, உலைமூடி எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு, உறுப்பினர்கள் உட்கார இரும்பு மடக்கு நாற்காலி நாற்பத்து மூன்று வரவழைத்துப் போட்டார்கள். செயலாளர் நெல்லையப்பனின் யோசனை அது. ஆமாம், மீனுவைக் கட்ட இருந்த அதே தாய்மாமன்தான். பொதுப்பணித்துறையில் வேலை, அதற்குப் பிறகு கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை.

இரண்டாவது சாப்ட்வேரில் மனைவிகளுக்கு நம்பர் கிடையாது. மாடி முழுக்க நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. பெரிய பாட்டையாவின் மகள், அவள் மகள் என்று ஏற்றிக்கொண்டே வந்தார் சத்தியநேசன். அந்தப் பேத்தியை அவள் தாய்மாமனுக்குக் கட்டிவைத்த கல்யாணத்தை ஏற்றியதும் கம்ப்யூட்டர் 'கீ' என்று கத்தியது. திரையில் நாலு வரி இங்கிலீஷ்.

"என்னவே சொல்லுது?"

சத்தியநேசன் பொய் சொல்லத் தெரியாதவர். "புருசனும் பொண்டாட்டியும் ரொம்ப நெருங்கின ரத்தம், தப்பா ஏத்திட்டீங்களான்னு கேக்குது அண்ணாச்சி."

சரி, ஒரு தடவை தெரியாமல் கேட்டிருக்கும் என்று பெரிய மனசோடு விட்டார்கள். அடுத்த கல்யாணத்துக்கும் கத்தியது. அதற்கடுத்ததுக்கும். ஒவ்வொரு கத்தலுக்கும் அந்தத் தம்பதியின் பேரன்மார் வரிசையாக எழுந்து நிற்க, பதினாலாவது கத்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர்தான். கூட்டம் முழுக்க மடக்கு நாற்காலிகள் மடங்குகிற சத்தம்.

நெல்லையப்பன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்தார். "தாய்மாமன் கட்டினா கத்துதா?"

"ஆமா சார்."

"கட்டலேன்னா?"

"கத்தாது சார்."

ஐயம்பெருமாளுக்கு அன்றைக்கு என்ன பிடித்ததோ, பல் போன ஓட்டை வழியாக வார்த்தை தானாக வெளியே வந்துவிட்டது. "அப்ப மீனு கல்யாணத்துக்குக் கத்தாது மாமா."

நெல்லையப்பன் கண்கலங்கிப் பேசினார். மகாசபை வரலாற்றிலேயே உருக்கமான பேச்சு அதுதான் என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

"பாசம்னா என்னன்னு இந்த டப்பாவுக்குத் தெரியுமா? பாசம் இருக்கப் போயித்தான அவன் கைய ஒடிச்சோம்? பாசம் இல்லேன்னா இம்புட்டுத் தொலவு எவன் பஸ்ஸேறிப் போவான்? ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி ஒடிச்சோம்வே! அவ ஒரு வாய் தண்ணி தந்தாளா எங்களுக்கு?"

பலர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த உருக்கம் குறையாமலே அவர் நாற்காலியை மடக்கிக் கம்ப்யூட்டர் திரையில் ஒன்று போட்டார். திருப்பி ஐயம்பெருமாள்மேல் ஒன்று. திரை சுக்குநூறு. ஐயம்பெருமாளுக்கு இடது முன்கை எலும்பு இரண்டாக. 'இரண்டாவது சாப்ட்வேர் ஒழுக்கக்குறைவு காரணமாக நிராகரிக்கப்பட்டது. கம்ப்யூட்டர் ஒன்றும் கை ஒன்றும் ரிப்பேர் பார்க்கப்படும்' என்று குறிப்பு எழுதினார்கள்.

வெளிநாட்டுக்காரன் செய்தது நமக்கு ஒத்துவராது, நம் முறைப்படி நாமே செய்துகொள்ளலாம் என்று தீர்மானமாயிற்று. சத்தியநேசன் மாட்டேன் என்றுதான் சொல்லிப் பார்த்தார். நாலாம் வீட்டார் ஆறு பேர் அவர் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார்கள். வரும்போது ஜன்னல் கதவு இரண்டும் கூடவே வந்துவிட்டது. அதன்பிறகு அவர் மகாசபைக்கு வரும்போதெல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. மகாசபை கேட்டதையெல்லாம் செய்தார். பெரிய பாட்டையாவின் இரண்டு மனைவியும் எண் 1. ஏழு வீடுகளுக்கும் எண் 1. யார் யாரைக் கட்டினாலும் கம்ப்யூட்டர் கத்தாது. 'மிக்க மகிழ்ச்சி' என்று தமிழில் வரும். ஐயம்பெருமாள் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் இரண்டு மாசம் ஏற்றினான். நானூற்றுப் பதினொரு பேர். எல்லாம் முடிந்த அன்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இன்னொரு பேரை ஏற்றினான். மீனாட்சி. தாய்: பாலாம்பாள். கணவர் இடத்தில் களக்காட்டு மனுஷன் பேர். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. 'மிக்க மகிழ்ச்சி' என்றது. பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கல்யாணத்துக்கு ஏழு வீட்டுத் தரப்பிலிருந்து போன ஒரே வாழ்த்து அதுதான். ஐயம்பெருமாளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடக்க விழா. நாற்பத்து மூன்று உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். காசிலிங்கம் பொத்தானை அமுக்க, பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளத் தொடங்கியது. தாள் மேசையிலிருந்து இறங்கி, தரையில் ஓடி, மாடிப்படியில் பாதி தூரம் போய் நின்றது. கடைசி வரியைக் காசிலிங்கம் உரக்கப் படித்தார்.

"மொத்தம் நானூத்திப் பன்னெண்டு." முகம் மாறியது. "ஏட்டுல பதினொண்ணுலா இருக்கு? ஒரு தல கூட இருக்கே!"

"அஞ்சாம் வீட்டுக்காரனுவ களவாண்டு ஒண்ணப் பெத்துப் போட்டிருப்பானுவ!"

"ஏலே, எவம்லே சொன்னது?"

நாற்காலிகள் மடங்கின. யாரோ சத்தியநேசனின் ஹெல்மெட்டைப் பிடித்துத் திருகினார்கள். தலை உள்ளே இருக்கிறது என்று அவர் அலறினார். ஐயம்பெருமாளால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவர விடுங்க. நான்தான் ஏத்துனேன். எங்க மீனுவ ஏத்துனேன். அம்மை சாகக் கெடக்கா, அவளுக்கு வேற ஒரு ஆசையும் இல்ல. அடிக்கணும்னா என்னை அடிங்க."

ஏழு வீடும் ஒரே நொடியில் ஒற்றுமையாயிற்று. அவனை நடுவில் நிறுத்தி வட்டம் கட்டினார்கள். காசிலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தலைவர்ங்கிற முறையில மொத அடி என்னுது."

"எப்படி? அவ ஓடிப்போனதுல அவமானப்பட்டது யாரு? நான்லா? மொத அடி எனக்குச் சேரவேண்டியது" என்றார் நெல்லையப்பன்.

"அவரு பட்ட அவமானம் ஏழு வீட்டுக்கும் பொதுவே. இப்பத்தான் எங்களுக்கும் ஒண்ணாம் நம்பர் தந்திருக்கிய. அப்ப மொத அடியில எங்களுக்கும் பாத்தியதை உண்டு" என்றார் ஐந்தாம் வீட்டுக்காரர்.

நியாயமான பேச்சு. எதற்கு வாய்ச்சண்டை, அதற்குத்தானே ரெக்கார்டு இருக்கிறது என்று அச்சடித்த தாளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றாம் வீடு, எண் 1. இரண்டாம் வீடு, எண் 1. ஏழாம் வீடு வரைக்கும் எண் 1. மகாசபை கேட்டு வாங்கியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல யாராலும் முடியாது. மடக்கு நாற்காலிகள் பறந்தன. போதாமல் போகவே கீழே போய்க் குடமும் உலைமூடியும் எடுத்து வந்தார்கள். ஒருவர் இட்லிக் கொப்பரைக்குள் தலை மாட்டிக்கொண்டு, எதிரில் தட்டுப்பட்டவரையெல்லாம் முட்டிக்கொண்டு திரிந்தார். அச்சடித்த தாள் கழுத்துகளில் சுற்றிக்கொண்டது. ஏட்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அது ஏழாகக் கிழிந்து, ரத்தம் துடைக்கப் பயன்பட்டது. கம்ப்யூட்டர் ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்தது. பின்னாலேயே மூன்றாம் வீட்டுப் பொருளாளரும் விழுந்து, வாசலில் போட்டிருந்த கூரைமேல் தொங்கினார். அண்டாக்கள் படியில் உருண்டு தெருவுக்கு வந்து டவுண் பஸ்ஸை நிறுத்தின. முதல் அடி யாருடையது என்று கடைசிவரை தீராததால், அன்றைக்கு அந்த மாடியில் அடி வாங்காதவன் ஐயம்பெருமாள் ஒருவன்தான். அவனும் சத்தியநேசனும் மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் மாடியில் நின்று, "இந்தக் குடும்பத்துக்காரங்க யார் யாரு?" என்று கேட்டார்.

"நமக்குச் சம்பந்தமில்ல சார். கொடம் வாங்க வந்தேன்" என்றார் தலையில் குடத்தின் நெளிசல் அச்சாகப் பதிந்திருந்த ஒருவர்.

"நானும் கொடம் வாங்கத்தான்" என்றார் நெல்லையப்பன்.

"நானும்" என்றார் காசிலிங்கம், தன் கடையில் நின்றுகொண்டு.

நாற்பத்திரண்டு பேரும் குடம் வாங்க வந்தவர்கள். ஐயம்பெருமாள் மட்டும் மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வந்து, "நான் இந்தக் குடும்பம்தான் சார்" என்றான். இன்ஸ்பெக்டர் எல்லாரையும் வேனில் ஏற்றச் சொன்னார். சத்தியநேசனை வெளியாள் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் மேசைக்கடியைவிட்டு வர மறுத்துவிட்டார்.

ஸ்டேஷனில் ரைட்டர் ஒருவர் இருந்தார். பழைய நீல மைப் பேனாவும் கார்பன் தாளும்தான் அவரிடம் இருந்த சாமான். பேர், தகப்பன் பேர், வயசு, கதவு எண் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். மகாசபை மூன்று சாப்ட்வேர் மாற்றி, கம்ப்யூட்டரை இரண்டு தடவை உடைத்தும் முடிக்க முடியாத வேலை, ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. தன் பேர் ஏன் முதலில் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"சொந்தக்காரங்க யாராவது வீட்டு வரி ரசீதோட வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டா இப்பவே போலாம். இல்லேன்னா நாளைக்குக் கோர்ட்டு" என்றார் ரைட்டர்.

வீடுகளுக்குப் போன் போட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கேட்டால் 'அப்படி ஒருத்தர் இங்கே இல்லை' என்று சொல்ல வேண்டும் என்று 1974-இல் மகாசபை பெண்களுக்குப் பாடம் பண்ணிவைத்திருந்தது. எல்லா வீட்டுப் பெண்களும் ஒரு எழுத்து பிசகாமல் அதையே சொன்னார்கள். காசிலிங்கத்தின் சம்சாரம் மட்டும், 'இங்க அப்படி யாரும் பொறக்கவே இல்ல' என்று கூடுதலாக ஒன்று சேர்த்தாள்.

ஐயம்பெருமாள் களக்காட்டு வாழைக்காய் மண்டி ஒன்றின் நம்பரைச் சொன்னான். பன்னிரண்டு வருஷமாக மனப்பாடமாக இருந்த நம்பர். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சுழற்றினார்கள்.

நாலு மணி பஸ்ஸில் மீனு வந்து இறங்கினாள். கையில் வரி ரசீது. பின்னால் அவள் புருஷன், வலது கை தொங்கியபடி. அவள் அண்ணனின் மாவுக்கட்டைப் பார்த்தாள்; பல் போன ஓட்டையைப் பார்த்தாள்.

"எண்ணே, ஒனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும் போட முடியுமா மீனு?"

"அம்மைக்காகப் போடுதேன்" என்றாள்.

ஒரு ஆளுக்கு ஒரு பத்திரம். ஒவ்வொன்றிலும் 'உறவுமுறை' என்று ஒரு இடம். ரைட்டர் பேரைச் சொல்லச் சொல்ல, மீனு ஒருவர் விடாமல் முறை சொன்னாள். பெரியப்பா. சித்தப்பா. மச்சான். அத்தான். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதனால் சித்தப்பா. அம்மா வழியில் பார்த்தால் மச்சான், எது வேணும் உங்களுக்கு? ரைட்டர் பேனாவை நிறுத்தி அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு எழுதினார். அதோடு விட்டாரா? ஸ்டேஷன் வழக்கப்படி ஒவ்வொரு ஆளையும் எழுப்பி, "இந்தம்மா உமக்கு என்ன வேணும்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் பத்திரத்தை வாங்கினார்.

"தம்பி மவ" என்றார் காசிலிங்கம், தரையைப் பார்த்தபடி.

நெல்லையப்பன் முறை வந்தது. துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். மீனுவின் புருஷன் சுவரில் சாய்ந்து நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உறவு இல்லேன்னா பைய உள்ள போயி உக்காரும்வே. கொசு ஜாஸ்தி" என்றார் ரைட்டர்.

"அக்கா மவ" என்றார் நெல்லையப்பன்.

"கேக்கல."

"எங்க அக்கா பாலாம்பா பெத்த மவ சார்!"

மீனு நாற்பத்து மூன்று கையெழுத்துப் போட்டாள். ரைட்டர் நாற்பத்து மூன்றிலும் ஸ்டேஷன் முத்திரை குத்தினார். ஏடு கிழிந்துபோன பிறகு, ஏழு வீட்டாருக்கு மிஞ்சிய வம்ச வரலாறு அந்த ஜாமீன் பத்திரங்களின் நகல்தான். பின்னால் மகாசபை அதைத்தான் பைண்டு பண்ணி வைத்துக்கொண்டது. பக்கத்துக்குப் பக்கம் மீனாட்சி. கோடு போட்டு அடிக்கலாம் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார்; சர்க்கார் முத்திரைமேல் கோடு போட்டால் மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும் என்று தெரிந்ததும் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில், ஐயம்பெருமாள் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். பாலாம்பாள் கண்ணைத் திறந்தாள்.

"பேரு ஏறிச்சாய்யா?"

"ஏறிட்டும்மா. நாப்பத்து மூணு தடவ."

"செவப்பு மையா?"

"இல்லம்மா. நீல மை."

அவள் தாளை வாங்கி, எழுத்துத் தெரியாத விரலால் வரிவரியாகத் தடவினாள். பிறகு தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள். புருஷனோடு மீனு படிக்கு வெளியே தெருவில், காலை மேலே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"பொறவு எதுக்கு அங்கன நிக்கா? நீர்மாலை கெடக்கட்டும், உசுரோட இருக்கும்போதே ஒரு வாய் தண்ணி தந்துட்டுப் போவச் சொல்லு. ரெண்டு பேரையும் உள்ள கூப்புடுலே!"